செம்பேன் படங்களைத் திரையிடுவது: எந்த வரிசை, எந்தப் பிரதி, எங்கே சறுக்கும்?

#1 மேகலை

வணக்கம் தோழர்களே. எங்கள் திரைப்பட இயக்கத்தில் அடுத்து வரும் ஆறு ஞாயிறு மாலைகளை செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேனுக்கு ஒதுக்கியிருக்கிறோம். அரங்கில் 80 இருக்கை. திரை 10 அடி அகலம், 16:9. முழு எச்டி புரொஜெக்டர், மேடையின் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்பீக்கர். வருபவர்களில் பாதிப் பேர் ஆங்கில சப்டைட்டிலை ஓட்டமாகப் படிக்க முடியாதவர்கள் என்பதால் தமிழில் நாங்களே எழுதப் போகிறோம்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். எதில் தொடங்கி எதில் முடிப்பது? எந்தப் பிரதி? பார்வையாளர் கையில் கொடுக்கும் அரைப்பக்கக் குறிப்பில் என்ன இருந்தாக வேண்டும்? படம் முடிந்ததும் முக்கால் மணி நேரம் பேச்சு உண்டு. அதனால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் படம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

#2 நீலநதி

நல்ல முடிவு. முதல் ஞாயிறு 'போரோம் சாரெட்' (1963), அதோடு சேர்த்து 'பிளாக் கேர்ள்' (1966). முன்னது 20 நிமிடம், பின்னது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் நடுவே இடைவேளை விடாதீர்கள். செனகல் தலைநகர் டக்காரில் வண்டியோட்டி ஒருவரின் ஒரு நாள் பிழைப்பு முதல் படம். அதே டக்காரிலிருந்து பிரான்சின் அந்தீபுக்கு வேலைக்குப் போகும் பெண் இரண்டாவது படம். ஒன்றின் முடிவில் இருக்கும் பசிதான் அடுத்ததன் தொடக்கம்.

இரண்டாம் வாரம் 'மன்தாபி' (1968), மூன்றாம் வாரம் 'ஹாலா' (1975). அதன் பிறகு வெளியான ஆண்டை மறந்துவிட்டு, கதை நடக்கும் காலத்தைப் பாருங்கள். 'எமித்தாய்' (1971) இரண்டாம் உலகப் போருக்குக் கிராமத்து இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போவதில் தொடங்குகிறது. 'காம்ப் தெ தியாரோய்' (1988) அப்படிப் போனவர்கள் திரும்பி வருவதில் தொடங்குகிறது. ஒரே போரின் இரு முனைகள். இவற்றை நான்காம், ஐந்தாம் வாரங்களில் அடுத்தடுத்து வையுங்கள். ஆனால் தியாரோய் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். அன்று மட்டும் 4 மணிக்கே தொடங்கிவிடுங்கள், வெட்டிப் போடும் யோசனையே வேண்டாம். கடைசி வாரம் 'மூலாதே' (2004).

'செத்தோ' (1977) இந்த ஆறில் இல்லை. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

#3 படச்சுருள்

பிரதி விஷயம் நான் சொல்கிறேன்.

'பிளாக் கேர்ள்', 'போரோம் சாரெட்' இரண்டும் 4கே-யில் மீட்கப்பட்டு, அமெரிக்க வட்டு நிறுவனமான கிரைட்டீரியன் 2017-இல் ஒரே வட்டில் வெளியிட்டது. 'மன்தாபி' 2021-இல் வந்தது, மீட்டது ஸ்டூடியோகனால் என்ற பிரெஞ்சு நிறுவனம். 'எமித்தாய்', 'ஹாலா', 'செத்தோ' மூன்றும் 2024-இல் ஒரே தொகுப்பாக வந்தன. தியாரோய் படத்தை ஃபிலிம் ஃபவுண்டேஷனும் பொலோன்யாவின் சினெத்தெக்காவும் சேர்ந்து மீட்டு, 2024-இல் கான் திரைப்பட விழாவின் கிளாசிக்ஸ் பிரிவில் திரையிட்டார்கள். இணையத்தில் சுற்றும் பழைய விஎச்எஸ் நகல்களை 10 அடித் திரையில் போடாதீர்கள். 'எமித்தாய்' மாதிரியான படத்தில் வயலும் காடும் இரவும் ஒரே பச்சைக் கரியாகக் குழம்பிப் போகும். பாதிப் படம் முகமே தெரியாது.

வட்டு வாங்கும்போது பலர் மாட்டிக்கொள்ளும் இடம் மண்டலப் பூட்டு. அமெரிக்க ப்ளூ-ரே மண்டலம் ஏ. இந்தியாவும் இலங்கையும் மண்டலம் சி. உள்ளூரில் வாங்கிய பிளேயரில் அது ஓடாது. சிங்கப்பூர், மலேசியா மண்டலம் ஏ, அங்கே இருப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. இங்கே என்றால் மண்டலப் பூட்டு இல்லாத பிளேயர் வேண்டும். அதைத் திரையிடும் நாளில் கண்டுபிடிக்காமல் வட்டு வந்த அன்றே போட்டுப் பாருங்கள்.

அடுத்தது சட்டகம். 'பிளாக் கேர்ள்' 1.37:1. உங்கள் 10 அடித் திரையில் உயரம் ஏறத்தாழ 5.6 அடி, அப்படியானால் படத்தின் அகலம் 7.7 அடிதான் வரும், இரு பக்கமும் ஒரு அடிக்கு மேல் கறுப்பாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். "திரை வீணாகிறதே" என்று யாராவது ரிமோட்டை எடுத்து 'ஃபில்' அழுத்தினால் ஒன்று ஆட்கள் குண்டாகிவிடுவார்கள், இல்லையென்றால் மேலும் கீழுமாக 23 சதவீதம் வெட்டுப்படும். நாயகி தியுவானா அந்த வெள்ளைச் சுவர் வீட்டில் நிற்கும் ஷாட்டுகளில் முகமூடி சுவரில் எங்கே மாட்டியிருக்கிறது என்பதுதான் சங்கதி. வெட்டினால் முதலில் போவது அந்த மாதிரி ஓரத்துப் பொருள்தான். 'மன்தாபி' 1.66:1, அதில் ஓரக் கறுப்பு மிகக் குறைவு.

புரொஜெக்டரில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். நிற அமைப்பில் 'டைனமிக்' வேண்டாம், 'சினிமா' போதும்.

ஒலி: ஆரம்பகாலப் படங்கள் எல்லாம் ஒற்றைத் தட ஒலி. ஆம்ப்ளிஃபயரில் சரவுண்ட் மாதிரி விரித்துக் காட்டும் பொத்தான் இருந்தால் குரல் குகைக்குள் போன மாதிரி ஆகும், போடாதீர்கள். உச்ச அலைவரிசையை (ட்ரெபிள்) ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். நடுத்தர அலைவரிசையைச் சற்றே தூக்கினால் பேச்சு தெளியும்.

#4 சுடர்க்கொடி

எல்லாம் சரி. ஆனால் ஆறு வாரமும் செம்பேன் ஒருவரே என்றால் 54 நாடுகளின் சினிமாவை ஒரு ஆளுக்குள் அடைத்த மாதிரி ஆகாதா? பெண் இயக்குநர் ஒருவர்கூட வேண்டாமா?

#5 நீலநதி

நியாயமான கேள்வி, சுடர்க்கொடி. தலைப்பில் "ஆப்பிரிக்க சினிமா" என்று போட்டால் தப்பு. "உஸ்மான் செம்பேன்" என்று போட்டால் தப்பில்லை. ஒருவரை முழுசாகப் பார்ப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. நாட்டுக்கு ஒரு படம் என்று தொட்டுக்கொண்டு போனால் எதுவும் மனதில் தங்காது.

அடுத்த தொடருக்கு இப்போதே குறித்துக்கொள்ளலாம். செனகலிலேயே சாஃபி ஃபாய் இருக்கிறார். 'கத்து பேய்கத்' (1975) அவர் பிறந்த செரேர் சமூகத்து விவசாயிகளையும் நிலக்கடலைச் சாகுபடி அவர்களை எங்கே கொண்டுவிட்டது என்பதையும் பற்றிய படம். சாரா மல்தோரோரின் 'சம்பிஸங்கா' (1972) அங்கோலாவின் விடுதலைப் போராட்டத் தொடக்கத்தை, கைதான கணவனைத் தேடிக் கைக்குழந்தையோடு ஊர் ஊராக நடக்கும் மனைவியின் வழியாகச் சொல்கிறது. படப்பிடிப்பு அங்கோலாவில் இல்லை, அது அப்போதும் போர்த்துகீசியர் கையில். பக்கத்துக் காங்கோ-பிரஸ்ஸவில்லில் எடுத்தார்கள். இன்னும் ஜிப்ரில் தியோப் மம்பேத்தியின் 'டுக்கி புக்கி' (1973), மெத் ஹோந்தோவின் 'சொலேய் ஓ', சுலைமான் சிஸ்ஸேயின் 'யீலன்' (1987). இதுவே ஐந்து வாரம்.

செம்பேனிலிருந்து தொடங்குவதற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. 1934-இல் வந்த லவால் ஆணைப்படி, பிரெஞ்சுக் காலனிகளில் படமெடுக்க ஆட்சியாளரின் அனுமதி வேண்டும். கேமரா பிடிக்கத் தெரிந்த ஆப்பிரிக்கருக்கு அந்த அனுமதி கிடைக்காது. பாரிஸ் திரைப்படப் பள்ளியில் படித்த பவுலின் வியேரா 1955-இல் தன் நண்பர்களோடு எடுத்த 'ஆஃப்ரிக் சுர் சேன்' பாரிஸ் நகரத்திலேயே எடுக்கப்பட்டதற்கு இந்தத் தடைதான் காரணம். இந்தச் சூழலில்தான் மார்சேய் துறைமுகத்தில் மூட்டை இறக்கி, தொழிற்சங்கத்தில் நின்று, பிரெஞ்சில் நாவல்கள் எழுதிய செம்பேன், தன் நாட்டில் பெரும்பாலோருக்கு அந்த நாவல்களைப் படிக்கவே முடியாது என்பதை உணர்ந்து, 40 வயதை நெருங்கும்போது மாஸ்கோவின் கார்க்கி ஸ்டூடியோவில் போய் சினிமா படித்தார். எழுத்தறியாதவர்களுக்கான மாலைப்பள்ளியாகவே அவர் சினிமாவைக் கருதினார். ஆறு வாரமும் அந்தப் பள்ளிக்கூடத்தில் உட்காரட்டும் என்றுதான் சொல்கிறேன்.

#6 எழுத்தோட்டம்

சப்டைட்டில் எழுதப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். செம்பேன் படங்களில் யார் என்ன பேசுகிறார் என்பதற்குச் சமமான எடை எந்த மொழியில் பேசுகிறார் என்பதற்கும் உண்டு. ஆங்கில சப்டைட்டில் இரண்டையும் ஒரே வெள்ளை எழுத்தில் கொடுத்துவிடும். அதைப் பார்த்துத் தமிழாக்கினால் படத்தின் பாதியைத் தொலைத்துவிடுவோம்.

'ஹாலா'வில் வணிகக் கழகத்துப் பெரிய மனிதர்கள் கோட்டு சூட்டில் பிரெஞ்சு பேசுவார்கள். நாயகன் எல் ஹாஜி தன் மகள் ராமாவிடம் பிரெஞ்சில் கேட்க, அவள் செனகலில் பரவலாகப் பேசும் வோலோஃப் மொழியில் பதில் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் நீட்டும் இறக்குமதித் தண்ணீரையும் குடிக்க மாட்டாள். கடைசியில் அவரைக் கழகத்திலிருந்து வெளியேற்றும் கூட்டத்தில் அவரே வோலோஃபில் பேச அனுமதி கேட்பார், மறுத்துவிடுவார்கள். இந்த மூன்று இடங்களும் கோர்வையாகப் புரிய வேண்டுமானால் பார்வையாளருக்கு முதல் காட்சியிலிருந்தே மொழி மாறுவது கண்ணில் பட வேண்டும். வோலோஃபுக்கு வெள்ளை, பிரெஞ்சுக்கு வெளிர் மஞ்சள். சாய்வெழுத்து வேண்டாம், தமிழ் எழுத்தைச் சாய்த்தால் தூரத்திலிருந்து படிக்க முடியாது. படத்துக்கு முன் ஒரே வரியில் அறிவித்துவிடுங்கள்.

'பிளாக் கேர்ள்' வேறு கணக்கு. அதில் எல்லாமே பிரெஞ்சில்தான் ஒலிக்கிறது, தியுவானாவின் மனக்குரல் உட்பட. அந்தக் குரல்கூட நடித்த எம்பிசின் தெரேஸ் தியோப்புடையது இல்லை, ஹைட்டியின் பாடகி தோத்தோ பிசெந்த் கொடுத்தது. ஆனால் கதைப்படி தியுவானா வீட்டுக்காரர்களிடம் "சரி அம்மா", "சரி ஐயா" தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்றே சொல்லலாம். அங்கே நிறப் பிரிவை மனக்குரலுக்கும் வாய்ப்பேச்சுக்கும் நடுவே வையுங்கள். அவள் மனதுக்குள் எவ்வளவு பேசுகிறாள், வெளியே எவ்வளவு குறைவு என்பது அப்போது கண்ணுக்கே தெரியும்.

அந்தப் படத்தில் கடிதக் காட்சியை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். அம்மாவிடமிருந்து கடிதம் வருகிறது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, ஊரில் ஆசிரியர் ஒருவர் எழுதிக் கொடுக்கிறார் (அந்த வேடத்தில் வருவது செம்பேனேதான்). தியுவானாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் வீட்டு எஜமானர் உரக்கப் படிக்கிறார், அதோடு நிற்காமல் அவள் சார்பில் பதிலையும் தானே எழுதத் தொடங்குகிறார். அவள் கடிதத்தை வாங்கிக் கிழித்துப் போடுகிறாள். இதில் படிக்கும் வரிகள் "அம்மா சொல்வது", எழுதும் வரிகள் "எஜமானர் இட்டுக்கட்டுவது". மேற்கோள் குறி போட்டு இரண்டையும் பிரிக்காவிட்டால் அவள் ஏன் கிழித்தாள் என்றே புரியாது.

தியாரோயில் வீரர்கள் பேசும் உடைந்த பிரெஞ்சுக்கு ஒரு எச்சரிக்கை. அவர்கள் பல காலனிகளிலிருந்து வந்தவர்கள், ஆளுக்கொரு தாய்மொழி, படையில் கற்ற அரைகுறைப் பிரெஞ்சுதான் பொதுமொழி. அதை நம் ஊர் வட்டார வழக்கில் எழுதிச் சிரிக்க வைத்துவிடாதீர்கள். சின்னச் சின்ன வாக்கியம், வினைமுற்று எளிமையாக, அவ்வளவு போதும். சார்ஜென்ட் தியாத்தா செம்மையான பிரெஞ்சு பேசுவார், அதற்கு முழு வாக்கியம் கொடுங்கள்.

அளவு: ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரிக்கு 35 எழுத்துக்குள். குறைந்தது ஒன்றரை நொடி, அதிகபட்சம் ஆறு நொடி. மென்பொருள் காட்டும் நொடிக்கு இத்தனை எழுத்து என்ற எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அது புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனி எழுத்தாக எண்ணும். 'கொ' என்பது அதற்கு இரண்டு, 'க்' என்பதும் இரண்டு. அதனால் தமிழ் வரி எப்போதும் சிவப்பில் எச்சரிக்கும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு முட்டாமல் முடிந்தால் சரி.

#7 மேகலை

மிக்க நன்றி எழுத்தோட்டம். தோழர் ஒருவர் ஒரு ஐரோப்பிய டிவிடியை வைத்து 'மன்தாபி'க்குப் பாதி எழுதி வைத்திருக்கிறார். ப்ளூ-ரேயில் பொருத்தினால் போகப் போக விலகுகிறது. தொடக்கத்தை நகர்த்திச் சரிசெய்தாலும் கால் மணி நேரத்தில் மறுபடி தப்புகிறது. இன்னொன்று, பென் டிரைவில் போட்டால் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கின்றன.

#8 படச்சுருள்

முதல் சிக்கலுக்குக் காரணம் வேகம். படம் எடுத்தது நொடிக்கு 24 சட்டகம். ஐரோப்பிய டிவிடி அதை 25-இல் ஓட்டுகிறது. 60 நிமிடப் படம் அங்கே 57 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். அதாவது ஒரு மணி நேரத்தில் 2 நிமிடம் 24 நொடி விலகும். தொடக்கத்தை நகர்த்தினால் தீராது, முழுக் கோப்பையும் நீட்ட வேண்டும். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்றும் இடத்தில் 25-லிருந்து 23.976 என்று கொடுங்கள், பிறகு முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் பொருத்திப் பாருங்கள். 24 என்று கொடுத்தால் மணிக்கு 3.6 நொடி பிசகும். அது சின்னதாகத் தோன்றினாலும் படத்தின் கடைசியில் ஒருவர் பேசுவதை இன்னொருவர் வாயில் போட்டுவிடும்.

நீட்டிய பிறகும் ஒரு இடத்தில் திடீரென்று தாவினால், இரண்டு பிரதிகளிலும் காட்சி நீளம் வேறு என்று அர்த்தம். அங்கிருந்து கீழே உள்ளதை மட்டும் நகர்த்துங்கள். 'மன்தாபி'யில் இன்னொரு பொறி: வோலோஃபில் ஒரு பதிப்பும் பிரெஞ்சில் ஒரு பதிப்பும் தனித்தனியாகப் படமாக்கினார்கள். டிவிடி பிரெஞ்சுப் பதிப்பாக இருந்தால் நேரம் ஒத்துவரவே வராது, தலைகீழாக நின்றாலும் பொருத்த முடியாது. முதலில் அதைப் பாருங்கள்.

இரண்டாவது சிக்கல் கருவியுடையது. புரொஜெக்டர், டிவி, மலிவான பிளேயர் பலவற்றில் தமிழ் எழுத்தைக் கோக்கும் வசதி இல்லை. 'கெ', 'கொ' எல்லாம் சிதறும். கோப்பை யூடிஎஃப்-8-ஆகச் சேமித்தாலும் அது சரியாகாது. மடிக்கணினியில் விஎல்சி புதிய பதிப்பு, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, எச்டிஎம்ஐ கம்பி என்றால் ஒழுங்காக வரும். நிறப் பிரிவுக்கு எஸ்ஆர்டி கோப்பைவிட ஏஎஸ்எஸ் கோப்பு நம்பகமானது.

வட்டிலிருந்தே ஓட்டுகிறீர்கள் என்றால் வட்டுக்குள் தமிழைச் சேர்க்க முடியாது. அதற்குப் பல விழாக்களில் செய்கிற வழி ஒன்று உண்டு. திரைக்குக் கீழே ஒரு அடி உயரத்துக்குக் கறுப்புத் துணிப் பட்டி, அதன்மேல் சின்ன இரண்டாவது புரொஜெக்டரிலிருந்து தமிழ் வரிகள். ஒருவர் உட்கார்ந்து வசனத்துக்கு வசனம் விசையைத் தட்ட வேண்டும். புரொஜெக்டரின் "கறுப்பு" உண்மையில் சாம்பல் வெளிச்சம், அது மேலே படத்தில் கசியும்; லென்ஸுக்கு முன்னால் அட்டையை வெட்டி வைத்து மறையுங்கள், விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் வையுங்கள். தட்டுபவர் படத்தைக் குறைந்தது இரண்டு தடவை முழுக்கப் பார்த்தவராக இருக்க வேண்டும். வசனமே இல்லாத இடங்களில் வெற்று வரி ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் பழைய வரி அங்கேயே தொங்கும்.

#9 நீலநதி

குறிப்புத் தாளுக்கு வருகிறேன். படத்தின் கதையைச் சொல்லாதீர்கள், கணக்கைச் சொல்லுங்கள்.

'மன்தாபி'க்கு எடுத்துக்காட்டு. பாரிசில் தெரு கூட்டும் அப்து தன் மாமா இப்ராஹிமா தியங்குக்கு அனுப்பும் பண ஆணை 25,000 சிஎஃப்ஏ பிராங்க் (செனகலின் நாணயம்). அதில் 20,000 அப்துவுக்காகச் சேமித்து வைக்க வேண்டியது, 3,000 அப்துவின் அம்மாவுக்கு, மாமாவுக்கு 2,000 மட்டும். அன்றைய மாற்று விகிதம் 50 சிஎஃப்ஏக்கு ஒரு பிரெஞ்சு பிராங்க். ஆக மொத்தமே 500 பிரெஞ்சு பிராங்க்தான். இந்த மூன்று எண்ணும் தாளில் இருக்கட்டும். ஊரே கடன் கேட்டு வரும்போது, கையில் உள்ளது 25,000 என்று அவர்கள் நினைப்பதும் இவருக்கு உரியது 2,000 என்பதும் சேர்ந்தால்தான் அந்த இறுக்கம் புரியும்.

பிறகு ஆவணச் சங்கிலி. தபால் நிலையத்தில் பணம் வாங்க அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்று, புகைப்படம், முத்திரை வில்லை வேண்டும். சான்றுக்குப் பிறந்த தேதி வேண்டும், அவருக்குத் தெரிந்தது உத்தேச ஆண்டு மட்டும். தபால் நிலையமோ ஆணையைக் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் வைத்திருக்காது. இதற்கிடையில் மனைவியர் மெத்தியும் அராமும் வரப்போகும் பணத்தை நம்பிக் கடைக்காரரிடம் அரிசி எண்ணெய் கடன் வாங்கியாயிற்று. பணம் கைக்கு வருமுன்பே செலவாகிவிட்டது. நம் பார்வையாளர்களுக்கு ரேஷன் அட்டையும் வாரிசுச் சான்றும் தெரியும், அதனால் இதை விளக்கத் தேவையில்லை. சுதந்திரம் 1960-லேயே வந்துவிட்டது, ஆனாலும் அலுவலகக் காகிதம் அத்தனையும் பிரெஞ்சில், தியங்குக்கு அது படிக்கத் தெரியாது. இந்த ஒரு வரி மட்டும் கண்டிப்பாக வேண்டும்.

'போரோம் சாரெட்'டுக்கு: டக்காரின் பிளாட்டோ பகுதி பழைய ஐரோப்பியக் குடியிருப்பு, குதிரை வண்டி அங்கே நுழையத் தடை. இது தெரியாவிட்டால் போலீஸ்காரர் ஏன் வண்டியைப் பறிமுதல் செய்கிறார் என்று குழம்புவார்கள். அவர் மிதிப்பது வண்டியோட்டியின் பதக்கம் என்பதையும் அந்த ஷாட்டில் கவனிக்கச் சொல்லுங்கள், நொடியில் போய்விடும்.

'எமித்தாய்'க்கு இரண்டு விஷயம். சுவரில் மார்ஷல் பெத்தானின் படத்தை எடுத்துவிட்டு ஜெனரல் தெ கோலின் படத்தை ஒட்டுவார்கள். ஏழு நட்சத்திரக்காரருக்குப் பதில் இரண்டு நட்சத்திரக்காரர் எப்படி வரலாம் என்று ஒரு ஆப்பிரிக்க வீரருக்குப் புரியவே புரியாது. ஜெர்மனியோடு ஒத்துப்போன பெத்தானின் விஷி அரசு போய் தெ கோல் தரப்பு வந்தது, ஆனால் கிராமத்தின் நெல்லைப் பிடுங்குவது அப்படியே தொடர்ந்தது என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி. இன்னொன்று உங்கள் ஆபரேட்டருக்கு: கடைசியில் திரை கறுப்பாகும், துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கும். புரொஜெக்டர் அணைந்துவிட்டது என்று நினைத்து விளக்கைப் போட்டுவிடாதீர்கள். எழுத்துகள் முடியும்வரை யாரும் சுவிட்ச் பக்கம் போகக் கூடாது.

#10 முகில்

'செத்தோ'வைத் தனியாகப் பேச வேண்டும் என்று விட்டுவிட்டீர்களே நீலநதி. என் கருத்து, இப்போதைய சூழலில் அதைப் போடக் கூடாது. இமாம் ஒருவர் ஊரையே மதம் மாற்றி, அரசரைத் தீர்த்துக்கட்டி ஆட்சியைப் பிடிக்கும் படம். அதை இங்கே எவர் எப்படி வெட்டிப் பரப்புவார் என்று சொல்லவே வேண்டாம்.

#11 நீலநதி

உங்கள் அச்சம் புரிகிறது, முகில். ஆனால் படம் என்ன செய்கிறது என்று முழுக்கப் பாருங்கள். அதே ஊரில் வெள்ளை வணிகர் ஒருவர் துப்பாக்கியும் மதுவும் கொடுத்து ஆட்களை வாங்குகிறார். அவர்களுக்கு இரும்பைக் காய்ச்சிச் சூடு போடும் காட்சி உண்டு, பின்னணியில் மனு திபாங்கோவின் இசையில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாடல் சாயல். கத்தோலிக்கப் பாதிரி ஒருவரும் அங்கேயே தன் காலத்துக்காகக் காத்திருக்கிறார். வெளியிலிருந்து வந்த எந்த அதிகாரமும் தப்பவில்லை. அதற்குத் துணைபோன உள்ளூர்ப் பிரபுக்களும் தப்பவில்லை. இதை எடுத்தவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், பெரும்பான்மை முஸ்லிம்களான தன் மக்களிடம் பேசுவதற்காக எடுத்தார். செனகல் அதிபர் செங்கோர் படத்துக்குத் தடை போட்டார், பெயரில் 'த்' இரட்டிக்கக் கூடாது என்பதே அரசு சொன்ன காரணம். அவர் 1980 கடைசியில் பதவி விலகிய பிறகே அங்கே அது திரைக்கு வந்தது.

போடுவதாக இருந்தால் இரண்டு நிபந்தனை. தனிப்படமாக, முன்பின் தெரியாத கூட்டத்துக்குப் போடாதீர்கள். ஐந்து வாரம் செம்பேனைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் போடுங்கள். காலத்தைப் பற்றிக் குறிப்பில் சொல்லுங்கள்: பல நூற்றாண்டு நிகழ்வுகளை ஒரே ஊரில் சில நாட்களாகச் சுருக்கியிருக்கிறார், குறிப்பிட்ட ஒரு வருடத்தின் கதை இல்லை.

#12 முகில்

முன்பின் தெரிந்த கூட்டம் என்ற நிபந்தனை சரி. இந்தத் தொடருக்கு ஏழாவதாக, உறுப்பினர்களுக்கு மட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை. பொதுத் திரையிடலுக்கு இன்னும் வேண்டாம் என்பதே என் நிலை.

#13 கிழக்குக்கடல்

தியாரோய்க்கும் மூலாதேக்கும் நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

தியாரோய் உண்மையில் நடந்த சம்பவம், டக்காருக்கு அருகில் இருந்த படைமுகாமின் பெயர் அது. பிரான்சுக்காகப் போரிட்டு ஜெர்மானியரிடம் கைதிகளாக இருந்து மீண்ட மேற்கு ஆப்பிரிக்க வீரர்கள் 1944 நவம்பரில் டக்கார் வந்து சேர்ந்தார்கள். நிலுவைச் சம்பளம் கேட்டார்கள். டிசம்பர் 1 விடியலில் பிரெஞ்சுப் படை அவர்கள்மேல் சுட்டது. அன்றைய பிரெஞ்சுக் கணக்கில் இறந்தவர் 35. பின்னாளில் பிரெஞ்சு அரசே குறைந்தது 70 என்றது. ஆய்வாளர்கள் பலர் முந்நூறுக்கும் மேல் என்கிறார்கள். 2024 நவம்பரில்தான் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் செனகல் அதிபருக்கு எழுதிய கடிதத்தில் இதைப் படுகொலை என்று ஏற்றார். குறிப்பில் ஒரே எண்ணைப் போடாதீர்கள், இந்த எண்கள் ஏன் மாறின என்பதைப் போடுங்கள்.

படத்தில் பணம் மாற்றும் காட்சியில் ஆட்கள் சலித்துப் போவார்கள், அங்கே தூங்கவிடாதீர்கள். வீரர்கள் கையில் இருப்பது பிரான்சில் வாங்கிய நோட்டுகள். அதிகாரிகள் அதைப் பாதி மதிப்புக்கே மாற்றித் தருவோம் என்கிறார்கள், அத்தோடு இவ்வளவு பணம் உங்களுக்கு எப்படி வந்தது என்ற சந்தேகமும். கலகத்துக்குக் காரணம் அந்த மேசைதான். பேயி என்ற வீரர் புக்கன்வால்டு நாஜி வதைமுகாமிலிருந்து மீண்டவர், வாய் பேசாதவர். இரவில் டாங்குகள் வருவதை முதலில் பார்ப்பவர் அவரே, சொல்ல முயல்கிறார், மற்றவர்கள் மனநிலை தவறியவர் என்று விட்டுவிடுகிறார்கள். பிரான்சின் பணம் ஒரு காசு இல்லாமல் செனகல், அல்ஜீரியா, துனிசியா சேர்ந்து எடுத்த படம் என்பதையும் போடுங்கள். வெனிசில் சிறப்பு நடுவர் பரிசு கிடைத்த பிறகும் பிரான்சில் அது திரையரங்குக்கு வரப் பல வருடம் ஆனது.

'மூலாதே' பெண் உறுப்புச் சிதைப்பைப் பற்றிய படம். நுழைவிலேயே எழுதி வையுங்கள், பிள்ளைகளைக் கூட்டி வருவோருக்குத் தெரிய வேண்டும். கொல்லே என்ற பெண் வாசலுக்குக் குறுக்கே ஒரு வண்ணக் கயிறு கட்டி நாலு சிறுமிகளுக்கு அடைக்கலம் கொடுக்கிறாள். அந்தக் கயிறு தரையிலிருந்து முழங்காலளவுகூட இல்லை, யாரும் தாண்டலாம், ஆனாலும் ஒருவரும் தாண்டத் துணிவதில்லை. மரபுக்கு எதிராக அவள் எடுக்கும் ஆயுதமும் மரபுதான். ஆண்கள் பெண்களின் ரேடியோக்களைப் பிடுங்கி மசூதி முன் குவித்து எரிப்பதையும் கூடவே பேசுங்கள். எதைப் பார்த்துப் பயந்தார்கள் என்று அந்தக் குவியல் சொல்லும்.

பேச்சில் யாராவது "ஆப்பிரிக்காவில் இப்படித்தான்" என்று தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். இந்தியாவில் தாவூதி போரா முஸ்லிம் சமூகத்தில் இந்த வழக்கம் உண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. இலங்கையிலும் இது இருக்கிறது, எங்கள் பெண்கள் அமைப்புகள் பேசி வருகின்றன. குர்ஆனில் இது இல்லை என்று இமாம் ஒருவர் ரேடியோவில் சொன்னதைக் கொல்லே எடுத்துச் சொல்லும் இடம் படத்திலேயே உண்டு, பேச்சை அதிலிருந்து தொடங்கலாம்.

#14 மேகலை

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. 'செத்தோ' உறுப்பினர்களுக்கு மட்டும், ஏழாவது வாரம் என்று குறித்துக்கொண்டேன். கடைசிக் கேள்வி: வட்டைக் காசு கொடுத்து வாங்கியாயிற்று என்றால் திரையிடலாம்தானே? நுழைவுக் கட்டணம் கிடையாது.

#15 படச்சுருள்

கூடாது. வட்டின் விலை வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். கட்டணம் வாங்காவிட்டாலும் 80 பேர் அரங்கு பொதுத் திரையிடல்தான். உரிமையாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் உரிமை வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். கடிதத்தில் இருக்க வேண்டியவை: படத்தின் பிரெஞ்சுத் தலைப்பும் ஆண்டும், எந்தப் பதிப்பு (மன்தாபிக்கு "வோலோஃப் பதிப்பு" என்று அழுத்திச் சொல்லுங்கள்), ஊர், இருக்கை எண்ணிக்கை, தேதி, எத்தனை காட்சி, கட்டணம் இல்லை என்ற தகவல், எந்தக் கருவியில் ஓட்டுவீர்கள், தமிழ் சப்டைட்டில் நீங்களே எழுதிக் காட்டப் போகிறீர்கள் என்பது. எழுதிய கோப்பை அவர்களுக்கே கொடுக்க முன்வாருங்கள். கட்டணத்தைக் குறைத்துக் கேட்பதற்கு அதைவிட நல்ல காரணம் இல்லை.

பதில் வரச் சில வாரம் ஆகும். அதனால் முதலில் எழுத வேண்டியது தியாரோய்க்கு, அதன் பிரதிதான் கிடைக்கக் கடினம். அதற்குள் கிடைக்காவிட்டால் ஐந்தாம் வாரத்தைக் காலியாக விடாமல் 'மூலாதே'யை அங்கே கொண்டுவந்து, தியாரோயை ஆறாம் வாரத்துக்குத் தள்ளுங்கள். அப்படிச் செய்தால் 'எமித்தாய்' குறிப்பை மறுபடி ஒருமுறை அச்சடித்து அன்று கையில் கொடுங்கள், இரண்டு வார இடைவெளியில் பெத்தானும் தெ கோலும் மறந்துபோயிருப்பார்கள்.